யாருக்கும் பெரும்பான்மை தராத அவை

1952 ஜனவரியில் சென்னை மாநிலத்தின் வாக்குச்சாவடிகளில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி வைத்திருந்தார்கள். வாக்குச் சீட்டில் முத்திரை குத்தும் வேலை கிடையாது. விரலில் மை வைத்துச் சீட்டைக் கொடுப்பார்கள். வாக்காளர் மறைவுக்குள் போய், தனக்குப் பிடித்த சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். இரட்டை உறுப்பினர் தொகுதி என்றால் கையில் இரண்டு சீட்டுகள். அதற்கு முந்தைய 1946 தேர்தலில் சொத்து, வரி, படிப்பு ஏதாவது ஒன்று இருந்தால்தான் வாக்கு. இப்போது 21 வயது நிரம்பியிருந்தால் போதும். நாற்று நட்டவரும் தறி நெய்தவரும் மூட்டை தூக்கியவரும் முதன்முறையாகச் சட்டசபைக்கு ஆள் அனுப்பினார்கள்.

அவர்கள் அனுப்பிய அவை, விடுதலை வாங்கித் தந்த கட்சிக்கே அதிர்ச்சி கொடுத்தது. மொத்தம் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. முதல்வர் பி.எஸ். குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். கம்யூனிஸ்டுகள் 62 இடங்களில் வென்றார்கள். பிரகாசத்தின் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்கு 35, தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு 19, கிருஷிகார் லோக் கட்சிக்கு 15, சோஷலிஸ்டுகளுக்கு 13, காமன்வீல் கட்சிக்கு 6, முஸ்லிம் லீகுக்கு 5. சுயேச்சைகளே 62 பேர். ஒரு காலத்தில் மாகாணத்தை ஆண்ட நீதிக்கட்சியின் பெயரில் கம்பத்திலிருந்து பி.டி. ராஜன் மட்டும் தனியாக வந்தார். மதுரை வடக்கில் வென்ற பி. ராமமூர்த்தி, முடிவு வந்தபோது சிறையில் இருந்தார். வண்ணாரப்பேட்டை ப. ஜீவானந்தத்தைத் தேர்ந்தெடுத்தது. முதுகுளத்தூரிலிருந்து முத்துராமலிங்கத் தேவர் வந்தார்.

தெற்கே தமிழ் மாவட்டங்கள், வடக்கே கஞ்சம் எல்லை வரை ஆந்திரப் பகுதி, மேற்கே மலபாரும் தென் கன்னடமும், நடுவே பெல்லாரி என்று விரிந்து கிடந்த மாநிலத்துக்கு இப்படி ஓர் அவை. இந்த அவையின் ஐந்தாண்டுக் காலம், 1952 முதல் 1957 வரை, தமிழக அரசியல் வரலாற்றில் இரண்டு முதல்வர்களின் கதையாகத்தான் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது: ராஜாஜி போனார், காமராஜர் வந்தார் என்று. அவையின் வேலையைத் தனியே எடுத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எந்த அரசும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய பெரும்பான்மை இல்லாததாலேயே, அங்கே எழுந்து பேசியவர்களின் பேச்சுக்கு எடை இருந்தது.

தொடக்கம் மட்டும் கோணலாகவே அமைந்தது. காங்கிரஸ் அல்லாத கட்சிகள் டி. பிரகாசத்தின் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைத்து, தங்கள் பக்கம் 166 பேர் இருப்பதாக ஆளுநரிடம் உரிமை கோரின. 152-ஐ விட 166 பெரிது. இரண்டுமே பாதிக்குக் குறைவு. ஆளுநர் ஸ்ரீபிரகாசா, ராஜாஜியை அழைத்தார். கவர்னர் ஜெனரலாகவும் மத்திய உள்துறை அமைச்சராகவும் இருந்து ஓய்வு பெற்றிருந்த ராஜாஜிக்கு அப்போது வயது 73. தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. பதவி விலகிக்கொண்டிருந்த அமைச்சரவையின் பரிந்துரையை வைத்து, ஆளுநர் அவரை மேலவைக்கு நியமன உறுப்பினராக்கினார். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகசேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்காக அரசியல் சட்டம் ஒதுக்கியிருந்த வாசல் அது. 1952 ஏப்ரல் 10 அன்று ராஜாஜி முதல்வரானார். நியமனத்தை எதிர்த்து ராமமூர்த்தி உயர் நீதிமன்றத்துக்குப் போனார், மனு தள்ளுபடியானது.

சட்டப்படி செல்லும் என்று நீதிமன்றம் சொன்னதால் அது சரியாகிவிடாது. வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு என்று அறிவித்து நடந்த முதல் தேர்தலின் முடிவில், ஒரு வாக்குகூடக் கேட்காத ஒருவரை முதல்வராக்கியது அந்த வாக்காளர்களுக்குச் செய்த அவமரியாதை. ராஜாஜியின் அறிவும் நேர்மையும் நிர்வாகத் திறனும் யாரும் மறுக்க முடியாதவை. ஆனால் அவருக்கும் அவைக்கும் இடையே தேர்தல் என்ற பிணைப்பு இல்லாமல் போனது, பின்னால் வந்த மோதலில் பெரிதாகத் தெரிந்தது.

ஆட்சி நிலைக்க ஆள் வேண்டும். வன்னியர்களிடையே வேரூன்றிய கட்சிகள் இரண்டு: எம்.ஏ. மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல், எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி. மாணிக்கவேலர் அமைச்சரானார், உழைப்பாளர் கட்சி வெளியிலிருந்து ஆதரவு தந்தது. ஜூனில் ராஜாஜி உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தார். போர்க்காலத்திலிருந்து ரேஷன் கடை வரிசையில் நின்று சலித்திருந்த மக்களுக்கு அது பெரிய நிம்மதி. அந்தச் சூட்டோடு ஜூலை 3 அன்று நம்பிக்கைத் தீர்மானம் வந்தது. ஆதரவு 200, எதிர்ப்பு 151. மேலவை உறுப்பினரான முதல்வர் கீழ்ச்சபையில் பேசலாம், வாக்களிக்க முடியாது. தன் ஆட்சிக்கான வாக்கெடுப்பில் ராஜாஜிக்கே வாக்கு இல்லை.

375 பேர் உட்கார இடம் எங்கே? கோட்டையில் இருந்த பழைய மண்டபம் போதவில்லை. மவுண்ட் ரோட்டை ஒட்டிய அரசினர் தோட்டத்தில் புதிய சட்டசபைக் கட்டடம் எழுந்தது. 1952 மே 3 முதல் அவை அங்கே கூடியது. பின்னாளில் பாலர் அரங்கமாகி, அதன்பின் கலைவாணர் அரங்கம் என்று பெயர் பெற்ற கட்டடம் அதுதான். சபாநாயகர் நாற்காலியில் ஜே. சிவசண்முகம் பிள்ளை இருந்தார். 1937-இல் சென்னையின் முதல் தாழ்த்தப்பட்ட சமூக மேயராக இருந்தவர். 1946 முதலே சபாநாயகர். அவருக்கு எதிரே தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் உறுப்பினர்கள். பொதுவில் புழங்கிய மொழி ஆங்கிலம். ஆங்கிலத்தில் தன் கருத்தைச் சொல்ல இயலாதவர் தாய்மொழியில் பேச சபாநாயகர் அனுமதிக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 210-ஆவது பிரிவு. வயது வந்தோர் வாக்குரிமை அனுப்பிவைத்த புதியவர்களுக்கு அந்தப் பிரிவு வெறும் சம்பிரதாயமாக இருந்திருக்க முடியாது.

அவையின் முதல் பெரிய சட்டம் தஞ்சையின் வயலிலிருந்து வந்தது. காவிரிப் படுகையில் மிராசுதார்களுக்கும் வாரத்துக்குப் பயிரிட்டவர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் மோதல். விவசாயிகள் சங்கம் ஊர் ஊராகக் கொடி ஏற்றியிருந்தது. தேர்தலில் தஞ்சை மாவட்டத்தில் கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்த வாக்கு, கோரிக்கையின் கனத்தைச் சொல்லிவிட்டது. நிலத்திலிருந்து ஆட்களை வெளியேற்றுவது நடந்துகொண்டே இருந்தது. கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று வெளிப்படையாகவே அறிவித்திருந்த ராஜாஜி, 1952 ஆகஸ்டில் அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தார். அதுவே பிறகு அவையின் ஒப்புதலோடு தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமாக ஆனது.

அதில் என்ன இருந்தது? குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். ஐந்தாண்டுக்குக் குத்தகை உறுதி. பண்ணையாளை நினைத்த மாத்திரத்தில் நிறுத்த முடியாது. கூலிக்கு அளவு உண்டு. தகராறு வந்தால் விசாரிக்கச் சமரச அதிகாரி உண்டு. மிராசுதார் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று நெல் வாங்கியவர், இனி ஓர் அதிகாரி முன்னால் நின்று கணக்குக் கேட்கலாம். தஞ்சை மாவட்டத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஓட்டையும் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஒரே கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு, மேல் நிலம் வைத்திருப்பவருக்கே அது பொருந்தும். இரண்டு மூன்று ஊர்களில் நிலத்தைப் பரப்பி வைத்திருந்தவர்களும், குடும்பத்துக்குள் பாகம் பிரித்து எழுதிக்கொண்டவர்களும் தப்பிக்க அந்த வரியே வழி. பண்ணையாள் என்ற உறவையே முறித்துவிட்டு, அன்றன்றைக்குக் கூலி என்று மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. போராட்டத்தை அடக்க வந்த சட்டம், போராடியவரின் முழுக் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆயினும் நிலத்தில் உழைப்பவருக்கும் உரிமை உண்டு என்பது ஒரு மாவட்ட அளவில் சட்டமாகிவிட்டது. ஒரு மாவட்டத்துக்குத் தந்ததை மற்ற மாவட்டங்களுக்கு மறுக்க முடியாது என்பது அடுத்த நான்கு ஆண்டுகளில் நிரூபணமானது.

இதற்கிடையில் மாநிலத்தின் வரைபடமே மாறத் தொடங்கியது. தனி ஆந்திரம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு, 1952 டிசம்பர் 15 அன்று சென்னை மயிலாப்பூரில் உயிர் துறந்தார். ஆந்திர மாவட்டங்கள் கொந்தளித்தன. நான்கே நாளில் ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். சென்னை நகரம் யாருக்கு என்ற கேள்வி தெருவிலும் மாநகராட்சியிலும் டெல்லியிலும் ஒரே சமயத்தில் எரிந்தது. ராஜாஜி விட்டுக்கொடுக்கவில்லை, நகரம் தமிழருடையது என்று மாநகராட்சியும் உறுதியாக நின்றது. 1953 மார்ச்சில் ஆந்திரத்தின் தலைநகர் அதன் எல்லைக்குள்ளேயே இருக்கும் என்று தெளிவானது.

ஒரு மாநிலத்தைப் பிரிக்கும் முன் அந்தச் சட்டசபையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் விதி. பிரிந்து போகிறவர்களும் இங்கேயே இருப்பவர்களும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து, தங்கள் பிரிவினை மசோதாவைத் தாங்களே அலசிய காட்சி அந்த 1953 கோடையில் நடந்தது. நீர், கடன், கட்டடங்கள், ஊழியர்கள், எல்லைத் தாலுகாக்கள் எல்லாமே அதில் வந்தன. பெல்லாரி மாவட்டத்தின் மூன்று தாலுகாக்கள் ஆந்திரத்துக்கும் மற்றவை மைசூருக்கும் என்று ஆனது. 1953 அக்டோபர் 1 அன்று கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரம் பிறந்தது. பிரகாசம் அதன் முதல்வர். சென்னை அவையிலிருந்து 140 பேர் அங்கே போனார்கள். எதிர்க்கட்சித் தலைவராயிருந்த தரிமெல நாகி ரெட்டியும் போனார்; அந்த இடத்துக்கு ராமமூர்த்தி வந்தார். ராஜாஜியின் அமைச்சரவையில் இளையவராக இருந்த தாமோதரம் சஞ்சீவய்யாவும் போனார். 1960-இல் ஆந்திர முதல்வராகி, இந்தியாவின் முதல் தாழ்த்தப்பட்ட சமூக முதல்வர் என்ற இடத்தைப் பெற்றவர் அவரே. ஆந்திரத்துக்கும் மைசூருக்கும் போனவர்கள் நீங்க, 375 பேர் அவை 231 ஆனது.

பிரிவினைக்கு இரண்டு மாதம் முன்புதான் அந்த அவை தன் வாழ்நாளின் மிக முக்கியமான வேலையைச் செய்தது.

1953-54 கல்வியாண்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ராஜாஜி ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினமும் மூன்று மணி நேரம் மட்டும் பாடம். ஆசிரியர் ஒரு தொகுதிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அடுத்த தொகுதிக்குச் சொல்லிக்கொடுப்பார். மீதி நேரத்தில் பிள்ளை வீட்டில் தகப்பனிடமோ ஊர்க் கைவினைஞரிடமோ தொழிலைக் கவனித்துக் கற்க வேண்டும். பணமும் கட்டடமும் ஆசிரியரும் போதாத நிலையில், இருப்பதை வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவரலாம் என்பது அரசின் கணக்கு. கைத்தொழிலுக்குக் கல்வியில் இடம் வேண்டும் என்ற எண்ணமும் ராஜாஜிக்கு உண்மையாகவே இருந்தது.

கணக்கில் விட்டுப்போனது சாதி. சலவைத் தொழிலாளி மகன் வெளுக்கவும், முடிதிருத்துபவர் மகன் சவரக் கத்தி பிடிக்கவும், பறையர் வீட்டுப் பிள்ளை வயலுக்கும்தானே போவார்கள்? பள்ளிக்கூடம் ஒன்றுதான் அந்தப் பிள்ளையை அப்பன் தொழிலிலிருந்து வெளியே கொண்டுவரக் கூடிய இடம். அங்கேயே பாதி நேரத்தை வெட்டி, மீதியைக் குலத்தொழிலுக்கு ஒப்படைக்கும் திட்டத்தை மக்கள் குலக்கல்வி என்றே அழைத்தார்கள். பெரியார் அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். அவைக்குள் ஓர் இடமும் இல்லாத திமுக, ஜூலையில் மும்முனைப் போராட்டம் நடத்தியது. கல்லக்குடியில் மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்ததும், ஈ.வெ.கி. சம்பத் தலைமையில் ராஜாஜி வீட்டு முன் மறியல் நடந்ததும் அப்போதுதான்.

இத்தனை பெரிய மாற்றம் அவையின் முன் வைக்கப்படாமல் அரசின் உத்தரவாகவே நடைமுறைக்கு வந்திருந்தது. அதுதான் உறுப்பினர்களை உறுத்தியது. எதிர்க்கட்சிகள் மட்டும் இல்லை. காங்கிரஸ் வரிசையிலேயே முணுமுணுப்பு. தொகுதிக்குத் திரும்பிப் போய் முகம் காட்ட வேண்டியவர்கள் அவர்கள். மேலவையில் இருந்த முதல்வருக்குத் தொகுதி கிடையாது. ஜூலை இறுதியில் விவாதம் வந்தது. திட்டத்தை அடியோடு கைவிடக் கோரிய தீர்மானம் நூலிழையில் தோற்றது. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவின் ஆய்வுக்கு விட வேண்டும் என்பதை அவை நிறைவேற்றியது. டிவிஷன் மணி அடித்து, கதவை மூடித் தலைகளை எண்ணும்போது இப்படியும் போகலாம் அப்படியும் போகலாம் என்ற நிலை ஓர் அரசுக்கு வருவது அபூர்வம். அந்த நாளில் வந்தது.

பருலேகர் தலைமையில் குழு அமைந்தது. 1953 நவம்பரில் அறிக்கை வந்தது. குழு திட்டத்தை ஆதரித்தது. நிபுணர் சொல்லிவிட்டார் என்று அரசு மேலே போயிருக்கலாம். போக முடியவில்லை. குழுவின் தீர்ப்பு கையில் இருந்தும், அவையில் ஆள் கையில் இல்லை. காங்கிரஸ் உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் தலைமை மாற்றத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். 1954 மார்ச்சில் உடல்நிலையைக் காரணம் சொல்லி ராஜாஜி விலகினார். கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜருக்கு 93, சி. சுப்பிரமணியத்துக்கு 41. ஏப்ரல் 13 அன்று காமராஜர் முதல்வரானார்.

மே மாதம் அவையில் அந்தத் திட்டம் கைவிடப்படுவதாக அறிவித்தவர் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம். முந்தைய அரசில் அதே துறையில் அமர்ந்து, அதே அவையில் அந்தத் திட்டத்துக்காக வாதாடியவர் அவரே. அவரைத் தோற்கடித்த காமராஜர் அவரையே கல்விக்கும் நிதிக்கும் வைத்துக்கொண்டதும், அவர் அந்த அறிவிப்பைச் செய்ய எழுந்து நின்றதும் இருவரின் தரத்தையும் சொல்லும்.

காமராஜர் அமைச்சரவையில் எட்டே பேர். போட்டியிட்ட சுப்பிரமணியமும் அவர் பெயரை முன்மொழிந்த எம். பக்தவத்சலமும் உள்ளே. மாணிக்கவேல் நாயக்கரும் ராமசாமி படையாட்சியாரும் உள்ளே. தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பி. பரமேசுவரனிடம் இந்து அறநிலையத் துறை. கோயிலுக்குள் நுழையவே சட்டம் தேவைப்பட்ட சமூகத்திலிருந்து வந்த ஒருவரை, பரிவட்டம் கட்டி வரவேற்க வேண்டிய பொறுப்பில் அமர்த்தினார்கள். அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த காமராஜர், மேலவைப் பக்கம் போகவில்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்று கீழ்ச்சபைக்கு வந்தார். 1952-இல் நடந்த பிழையை அவையின் கண்ணெதிரே சரிசெய்த செயல் அது.

நில விஷயத்தில் அவை தன் வேலையைத் தொடர்ந்தது. 1955-இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தஞ்சைக்கு வெளியேயும் குத்தகைதாரரை இஷ்டப்படி வெளியேற்றுவதற்குத் தடை. மறு ஆண்டு நியாய வாரச் சட்டம். நஞ்சையில் விளைச்சலில் 40 சதவீதம், மற்ற நிலங்களில் மூன்றில் ஒரு பங்கு, இதற்கு மேல் நிலக்காரர் கேட்கக் கூடாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் தஞ்சைச் சட்டம் உழுதவருக்குக் குறைந்தபட்சம் 40 என்றது. இப்போது நிலக்காரருக்கு அதிகபட்சம் 40. எண் ஒன்றுதான், கை மாறிவிட்டது. சட்டப் புத்தகத்தில் வந்தது களத்துமேட்டில் அப்படியே நடந்தது என்று சொல்ல முடியாது. வாய்ச்சொல்லில் நடக்கும் குத்தகைக்குச் சீட்டு ஏது, சாட்சி ஏது? பதிவு இல்லாத குத்தகைதாரர் நீதிமன்றத்துக்குப் போய், தான் உழுததை நிரூபிப்பதற்குள் அடுத்த போகம் வந்துவிடும். அந்தப் பதிவை அதே அவையே கட்டாயமாக்கியிருக்க வேண்டும், செய்யவில்லை.

இந்த அவையின் பட்டியலில் வருந்தவேண்டிய சட்டம் ஒன்றும் இருக்கிறது. எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் மேடையில் கடவுளையும் புராணத்தையும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த காலம். அவருடைய ராமாயண நாடகம் 1954-இல் பெரும் கொந்தளிப்பைக் கிளப்பியது. அதே ஆண்டில் சென்னை நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. நாடகத்தின் எழுத்துப்படியை முன்கூட்டியே அதிகாரிகளிடம் காட்ட வேண்டும். ஆட்சேபத்துக்குரியது என்று கருதினால் தடை செய்யலாம். கேட்பது கலெக்டரும் போலீசும். குலக்கல்வியைக் கைவிட்ட அதே அரசு, அதே ஆண்டில், அதற்கு எதிராகக் குரல் கொடுத்த இயக்கத்தின் மேடைக்குக் கடிவாளம் போட்டது. ராதா நாடகத்தை நிறுத்தவில்லை. வழக்கும் கைதும் அவருக்கு வழக்கமாயின. அவருக்குப் பிறகும் அந்தச் சட்டம் போகவில்லை. ஆட்சிகள் மாறின, அதே மேடையில் வளர்ந்தவர்களே ஆட்சிக்கு வந்தார்கள், சட்டம் புத்தகத்தில் இருந்தது. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நீக்கியது. கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள், தெருமுனையில் நாடகம் போட வந்த ஒவ்வொரு இளைஞர் குழுவும் ஸ்டேஷன் படியேற வேண்டியிருந்தது.

1956-இல் மாநில மறுசீரமைப்பு மசோதா அவையின் கருத்துக்கு வந்தது. மலபாரும் தென் கன்னடமும் போகப்போகின்றன. தெற்கே திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் வரப்போகின்றன. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை என்ற ஏக்கம் தமிழகத்தில் இன்றும் முல்லைப் பெரியாறு பேச்சு வரும்போதெல்லாம் கிளம்புகிறது. கோவை மாவட்டத்தின் கொள்ளேகால் மைசூருக்குப் போனது. நவம்பர் 1 அன்று எல்லைகள் மாறியபோது அவையின் எண்ணிக்கை 190 ஆனது. சபாநாயகரும் போனார். சிவசண்முகம் பிள்ளை 1955-இல் மத்தியப் பணியாளர் தேர்வாணையத்துக்குச் சென்ற பிறகு அந்த நாற்காலிக்கு வந்த என். கோபால மேனன் மலபார்க்காரர். துணைச் சபாநாயகர் பக்தவத்சலு நாயுடு அவையை நடத்தி முடிக்க வேண்டியதாயிற்று. ஐந்தாண்டு தொடங்கியபோது இருந்த உறுப்பினர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் முடிவில் இல்லை. அவர்கள் தோற்கவும் இல்லை, விலகவும் இல்லை. அவர்கள் தொகுதிகளே வேறு மாநிலத்தில் இருந்தன.

மிச்சமிருந்த அவைக்கு ஏறக்குறைய ஒரே மொழி. 1956 டிசம்பர் 27 அன்று, அரசினர் தோட்டத்து மண்டபத்தில் அது கடைசியாகக் கூடிய நாளில், ஆட்சிமொழிச் சட்டத்தை நிறைவேற்றியது. தமிழ் இந்த மாநிலத்தின் ஆட்சிமொழி. மசோதாவைக் கொண்டுவந்தவர் சுப்பிரமணியம். எடுத்த எடுப்பில் எல்லாக் கோப்பும் தமிழாகிவிடவில்லை. ஆங்கிலம் தொடர வேண்டிய இடங்களுக்கு வழி வைத்தே சட்டம் எழுதப்பட்டது. தட்டச்சுப் பொறியிலிருந்து கலைச்சொல் வரை இனிமேல்தான் உருவாக வேண்டும். தாலுகா அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுக்க ஒரு ரைட்டரைத் தேடி ஓடிக்கொண்டிருந்த குடியானவருக்கு, தன் மொழியிலேயே பதில் பெறும் உரிமை அந்தச் சட்டத்தில் தொடங்கியது. மாநில அரசு டிசம்பர் 27-ஐ ஒட்டி ஆட்சிமொழிச் சட்ட வாரம் கொண்டாடுவது அந்த நாளை நினைத்தே.

1957 தேர்தலில் 205 இடங்களுக்கு வாக்குப்பதிவு நடந்தது. காங்கிரஸ் 151 இடங்களில் வென்றது. 62 இடங்களோடு அவைக்குள் வந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு இப்போது 4. ஆந்திரமும் மலபாரும் போனபின் அவர்களின் கோட்டைகள் எல்லைக்கு அப்பால் இருந்தன. ராஜாஜியின் ஆதரவாளர்கள் காங்கிரஸ் சீர்திருத்தக் குழு என்று தனியே நின்று எதிர்க்கட்சி ஆனார்கள். திமுக முதன்முறையாக 15 பேரோடு உள்ளே நுழைந்தது. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணா, குளித்தலையிலிருந்து கருணாநிதி. ஏப்ரல் 29 அன்று புதிய அவை மறுபடி கோட்டை மண்டபத்தில் கூடியது. இப்போது அது போதுமானதாக இருந்தது. மே மாதமே திமுக ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. முந்தைய ஆண்டு அதே கோரிக்கையை முன்வைத்து உண்ணாவிரதம் இருந்து சங்கரலிங்கனார் உயிர் விட்டிருந்தார். ஆதரவு 42, எதிர்ப்பு 127.